ஆங்கிலக் கவிதையின் ஐயாம்பிக் பென்டாமீட்டர் நம்முடைய அசை, சீர் கணக்கு மாதிரியானதா?

இல்லை. நேர், நிரை என்று நாம் அலகிடுவது போலத்தானே ஆங்கிலத்தில் ஐயாம்ப், ட்ரோக்கி என்று பிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிப்பது வரைக்கும் ஒன்றுதான், ஆனால் எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பது வேறு. நாம் குறிலா நெடிலா, பக்கத்தில் ஒற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் பார்ப்பது அழுத்தத்தை.

'பிரசென்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு என்ற பொருளில் முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள், வழங்கு என்ற பொருளில் இரண்டாவதை. முதலாவது ட்ரோக்கி, இரண்டாவது ஐயாம்ப். தமிழில் இப்படி அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறாது, அதனால்தான் நம்மில் பலருக்கு விதி புரிந்த பிறகும் காதில் அது விழுவதில்லை. மூன்றசையில் கடைசியை அழுத்தினால் அனபெஸ்ட் (அண்டர்ஸ்டாண்ட்), முதலை அழுத்தினால் டாக்டில் (எலிஃபன்ட்). ஒரு வரியில் ஐயாம்ப் ஐந்து முறை வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர், நான்கு என்றால் டெட்ராமீட்டர். பெயர்கள் இவ்வளவு போதும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாடப்புத்தகம் "டி-டம் டி-டம்" என்று தட்டச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறது, பிள்ளைகளும் எல்லா வரியையும் அப்படியே தட்டி வாசிக்கிறார்கள், கவிதை அங்கேயே செத்துப்போகிறது. அந்தத் தாளம் மனதுக்குள் ஓடும் எதிர்பார்ப்பு மட்டும்தான், வரி அதோடு ஒத்தும் போகும், முரண்டும் பிடிக்கும். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் "நௌ இஸ் த வின்டர் ஆஃப் அவர் டிஸ்கன்டென்ட்" என்று தொடங்குகிறது. கணக்குப்படி 'இஸ்' அழுத்தம் பெற வேண்டும், ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், 'நௌ' என்பதில்தான் அழுத்தம் விழுகிறது. முதல் சீரிலேயே தாளம் தலைகீழாகி, அடுத்ததில் நேராகிவிடுகிறது. மேடைக்கு வந்த முதல் நொடியிலேயே ரிச்சர்ட் நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு திருப்பத்தால்தான். ஹாம்லெட்டின் "டு பி ஆர் நாட் டு பி, தட் இஸ் த கொஸ்சன்" வரியில் பத்துக்குப் பதில் பதினோரு அசை, 'கொஸ்சன்' என்பதன் கடைசி அசை அழுத்தமில்லாமல் தொங்கி நிற்கும். முடிவெடுக்க முடியாதவனின் வரி முடியாமல் நிற்பது எவ்வளவு பொருத்தம்!

மேக்பெத்தில் பிரபுக்கள் பெரும்பாலும் ஐயாம்பிக்கில் பேச, சூனியக்காரிகள் மட்டும் "டபுள் டபுள் டாயில் அண்ட் ட்ரபுள்" என்று ட்ரோக்கியில் நான்கு தட்டாகப் பாடுகிறார்கள். சத்தமாக வாசித்துப் பாருங்கள், அர்த்தம் தெரியாதவருக்கும் இது மந்திரம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம். நம் யாப்போடு ஒப்பிட ஆசை என்றால் ஆங்கிலத்தை விட்டுப் பழைய கிரேக்கத்துக்குப் போங்கள். இந்தப் பெயர்களெல்லாம் அங்கிருந்து வந்தவைதான், அங்கே ஐயாம்ப் என்றால் குறுகிய அசையும் நீண்ட அசையும், அழுத்தத்துக்கு வேலையே இல்லை. நிரையசைக்கு யாப்பருங்கலக் காரிகை காட்டும் 'சுறா' என்ற சொல் கிரேக்கக் கணக்கில் முழுசாக ஒரு ஐயாம்ப்! ஆனால் அவர்களுக்கு அது இரண்டு அசை, நமக்கு ஒரே அசை. ஆங்கிலக் கவிஞர்கள் பெயரை எடுத்துக்கொண்டு நெடிலின் இடத்தில் அழுத்தத்தை வைத்தார்கள்.

பிளாங்க் வெர்ஸும் ஃப்ரீ வெர்ஸும் ஒன்றா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. பிளாங்க் வெர்ஸில் இயைபுதான் கிடையாது, ஐயாம்பிக் பென்டாமீட்டர் கட்டாயம் உண்டு, 1667இல் வந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃப்ரீ வெர்ஸில் நிலையான சந்தமே கிடையாது, நம் புதுக்கவிதையை அதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.