முதல் கயாக் பயணத்துக்கு அணை வேண்டாம், குளம் போதும்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் நண்பர்களோடு ஏரிகளுக்குப் போய், கரையில் நின்று பாஸ் மீன் பிடித்துப் பழக்கம் உண்டு. இப்போது வள்ளியூருக்கே திரும்பிவிட்டேன். காற்றடைக்கிற கயாக் ஒன்று வாங்கியிருக்கிறேன்; துடுப்புப் போட இனிமேல்தான் பழக வேண்டும். மணிமுத்தாறு அணை, தாமிரபரணி, புன்னைக்காயல் கழிமுகம் என்று மூன்று இடம் மனதில் இருக்கிறது. முதலில் எங்கே போகலாம்? பாஸுக்கு ஈடாக இங்கே என்ன மீன் கிடைக்கும்?

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் நடுத்தரமான ஒரு பாசனக் குளத்தைப் பாருங்கள். பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் உள்ள நாட்களில், விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுங்கள். மீன் எங்கே அதிகம் என்று பார்த்து இடம் தேர்வது கரையில் நிற்பவருக்குச் சரி. கயாக்கில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, கை சோர்ந்த பிறகும் எந்தத் தண்ணீரிலிருந்து சுலபமாகத் திரும்பி வர முடியும் என்பதைத்தான். அந்தக் கணக்கில் நம் குளங்களுக்கு நிகர் இல்லை.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிடித்துப் பழகிய பாஸ் வட அமெரிக்காவின் மீன். இங்கே தேட வேண்டாம். பாசிக்குள்ளும் பட்ட மரத்தடியிலும் அசையாமல் பதுங்கியிருந்து, மேலே போகிற தவளையை ஒரே பாய்ச்சலில் விழுங்குவதுதானே அதன் சுபாவம்? அதே வேலையை நம் குளங்களில் விரால் செய்கிறது. டெக்சாஸில் ரப்பர் தவளை போட்ட கைக்கு விரால் புதிதாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு: விராலுக்குக் காற்றிலிருந்தும் மூச்சு இழுத்தாக வேண்டும். அதனால் அது இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். விடிகாலையில் குளத்துக் கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அல்லி இலைகளுக்கு நடுவே ‘களுக்’ என்று ஒரு சத்தம், சின்ன வளையம், அதன் பின்னால் இரண்டு மூன்று குமிழ். கெண்டை துள்ளினால் தண்ணீர் தெறிக்கும்; விரால் மூச்செடுத்தால் தெறிக்காது, தண்ணீர் உள்வாங்கியதுபோல இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலேயே மறுபடியும் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். கயாக்கை இறக்காமலே பாதி வேலை முடிந்தது. ஜிலேபி, கெளுத்தி, குரவை, வளர்ப்புக்கு விட்ட கட்லா, ரோகு எல்லாம் இருக்கும். பாஸ் பிடித்த ருசி விராலில்தான்.

பாஸ் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். ஜப்பானுக்கு 1925-இல் கொண்டுபோன பாஸ், அங்குள்ள ஏரிகளின் நாட்டு மீன்களைத் தின்று பெருகி, 2005-இல் அதைத் தடுக்கச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டிய நிலைக்குப் போனது. நம் குளங்களில் ஏற்கெனவே 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி படுத்துகிற பாடே போதும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று இடங்கள். மணிமுத்தாறு 118 அடி அணை. நிரம்பிக் கிடக்கும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மேற்கே மலை சுவர்போல நிற்பதால் காற்று சீராக வராது. அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று மலையிலிருந்து இறங்கி அடிக்கும். அணையில் சொந்தப் படகை இறக்க அனுமதி தேவை. அதை ஒட்டிய காடும், பாபநாசம் காரையாறு, சேர்வலாறு அணைகள் இருக்கிற இடமும் 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கே தூண்டிலோடு நுழைவது சட்டப்படி குற்றமாகிவிடும்.

தாமிரபரணி வேறு மாதிரி. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேல்புறம் தண்ணீர் தேங்கிக் குளம்போல நிற்கும். கயாக்குக்கு ஏற்றது என்று தோன்றும், ஓரளவு உண்மையும்கூட. ஆபத்து கீழ்ப்புறம். அணைக்கட்டைத் தாண்டி விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடியும் அணைக்கட்டுப் பக்கமே இழுக்கும். அதில் மாட்டிய கயாக் வெளியே வராது, ஆளும் வருவது கஷ்டம். மேலே பாபநாசத்தில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நேற்று முழங்கால் அளவு ஓடிய இடம் இன்று மார்பளவு ஓடும். மணல் அள்ளிய பள்ளங்களும் கசம் என்கிற பழைய ஆழமான மடுக்களும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. படித்துறைகளில் குளிக்கிற ஜனங்கள் வேறு. கொக்கி கட்டிய நரம்பை அந்தப் பக்கமே வீசக்கூடாது. ஆறு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சீசன் குளத்தில் பழகிவிட்டு, கோடையில் நீர் குறைவாக ஓடும்போது, அந்த இடத்தில் குளித்து வளர்ந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போங்கள்.

புன்னைக்காயலில் கொடுவா உண்டு, அலையாத்தி மரங்கள் உண்டு, எனக்கும் பிடித்த இடம். ஆனால் வற்றம் தொடங்கினால் தண்ணீர் முழுக்கக் கடலை நோக்கி இழுக்கும். மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்றும் அதோடு சேர்ந்தால் புதியவர் துடுப்பால் அதை எதிர்க்க முடியாது. முகத்துவாரத்துக்கு வெளியே மன்னார் வளைகுடா. கடைசியாகப் போக வேண்டிய இடம் அது.

சரி, எந்தக் குளம்? பெயர் சொல்வதைவிட எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்; குளம் வருடத்துக்கு வருடம் மாறும்.

நம் சீமையில் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடல் பக்கம் சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்கு மண் போட்டுக் கட்டிய கரை கிழக்கேயோ தென்கிழக்கேயோ இருக்கும். தண்ணீர் வந்து சேரும் உள்வாய் மேற்கே. நம்மூரில் பலமாக அடிப்பதும் மேல்காற்றுதான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கரையிலிருந்து இறங்கி மேற்கே துடுப்புப் போட்டுப் போனால், தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போகிறீர்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடும். உள்வாயிலிருந்து இறங்கினால் கதை தலைகீழ். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது கரையின் தெற்கு மூலையிலிருந்து கிளம்பி, கரையை ஒட்டியே போய்வந்தால் போதும். காற்றை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் நிற்கிற பனையில் ஓலை சலசலவென்று விடாமல் அடித்தால் அன்றைக்குக் கயாக்கை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம். புதியவர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவதே அதிகம். காற்றடைத்த கயாக்கோ தண்ணீருக்கு மேலே உப்பி நிற்கும். கனமான கயாக்கைவிடக் காற்று அதைச் சுலபமாகத் திருப்பிவிடும்.

அகலமும் முக்கியம். அதே காற்று சின்னக் குளத்தில் சுருக்கம்போடும், பெரிய குளத்தில் அலையாகும். விஜயநாராயணம் பெரியகுளம் போன்ற பரப்பு உங்களுக்கு இரண்டாம் வருடத்துக்கு. இப்போதைக்கு, எதிர்க்கரையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரிகிற அளவு அகலம் போதும். கூப்பிட்டால் கேட்கும், கரையில் மாடு மேய்ப்பவர் கண்ணிலும் படுவீர்கள்.

குளத்துக்குள்ளே ஒதுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று மடை. மடை திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகவே தெரியும். உற்றுப் பார்த்தால் தூசியும் இலையும் மெல்லச் சுற்றிக்கொண்டு ஒரே புள்ளியில் உள்ளே போகும். விழுந்தால் காலை இழுக்கிற இடம் அதுதான். நல்ல மீன் அங்கே நிற்கும் என்பதற்காக நெருங்காதீர்கள். இன்னொன்று மறுகால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி. குளம் மறுகால் பாய்கிற நாட்களில் குளத்துக்கே போகாதீர்கள். கரைக்காக மண் வெட்டிய பள்ளங்கள் பெரும்பாலும் கரையை ஒட்டியே இருப்பதால் ஆழமும் அங்கேதான். உள்வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர்தான், ஆனால் சேறு. ஆழம் குறைவு என்று நம்பி இறங்கி நடக்கப் பார்த்தால் தொடை வரை புதையும், தாமரைக்கொடி காலைச் சுற்றும். கயாக்கிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலாமல், மிதவைச் சட்டையோடு மல்லாந்து மிதந்து, கயாக்கைப் பிடித்து ஏறுங்கள்.

உங்கள் கயாக் காற்றடைக்கிறது என்பதால் இன்னொரு கவலை எனக்கு இருக்கிறது. நம் குளங்களில் பாதியில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன, கரையோரம் முள் நிறைந்த உடைமரக் காடு. விராலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, உங்கள் கயாக்குக்கு அதைவிட மோசமான இடமும் இல்லை. முள் இருப்பது மரத்தில் மட்டும் இல்லை. உதிர்ந்த கிளை சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும். மரம் இல்லாத, அல்லியும் கோரையும் உள்ள குளமாகப் பாருங்கள். இறக்குகிற இடத்தைச் செருப்புக் காலால் துழாவிவிட்டு ஒரு பழைய தார்ப்பாயை விரித்து அதன்மேல் இறக்குங்கள். ஆகாயத்தாமரை மூடிய குளமும் வேண்டாம். காற்று திரும்பினால் அந்தப் பச்சைப் பரப்பு மொத்தமாக நகர்ந்து உங்கள் வழியை அடைத்துவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும் மழையோடு இடியும் சேர்ந்து வரும், வரத்துக்கால்கள் புரண்டு ஓடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் துடுப்பைத் தொடாதீர்கள். ஆனி, ஆடியில் காற்று. இடையில் தை, மாசி, பங்குனிதான் நம் சீசன். வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களில் பல மானாவாரி. மழை பொய்த்த வருடம் மாசியிலேயே தரை தெரியும். அப்போது கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் குளங்களையும், பாளையங்கோட்டைப் பக்கம் பாளையங்கால்வாய்க் குளங்களையும் பாருங்கள். பிசான நெல் பருவத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வருவதால் அவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலோ கயாக்கோ கூடாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. மற்றக் குளங்களிலும் மரத்தில் கூடுகள் இருந்தால் நன்றாக விலகியே போங்கள். கயாக் சத்தமில்லாமல் நெருங்குவதால் பறவைகள் கடைசி நொடியில் பதறி எழும், குஞ்சு கீழே விழும்.

அப்புறம் அனுமதி. பலரும் இதைத் தவறவிட்டுவிட்டு ஊர்க்காரரோடு சண்டையில் நிற்கிறார்கள். குளத்து மீன் பொதுச்சொத்து என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான குளங்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டு, காவல் போட்டு, கோடையில் வலை இழுத்துத்தான் போட்ட காசை எடுக்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் குளம் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. ஆனால் அலுவலகத்துக்குப் போகுமுன் கரைப் பக்கத்து டீக்கடையில் “இந்தக் குளத்தை யாரு அண்ணாச்சி எடுத்திருக்காங்க?” என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். அவரிடம் நேரில் போய், கயாக்கைக் காட்டி, வலை இல்லை, ஒரே தூண்டில்தான், கட்லா, ரோகு மாட்டினால் விட்டுவிடுவேன், விரால் எடுத்தால் உங்கள் விலைக்கே எடை போட்டுக் காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மறுத்தால் அவர் உரிமை. அடுத்த குளத்துக்குப் போக வேண்டியதுதான். மடை என்றைக்குத் திறக்கும், பள்ளம் எங்கே, முள் எங்கே என்பதெல்லாம் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. சம்மதித்தவரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இடுப்பளவு தண்ணீரும் உறுதியான தரையும் உள்ள இடத்தில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள். மிதவைச் சட்டையின் பட்டை எல்லாம் மாட்டியே இருக்கட்டும். மடியில் வைத்திருக்கிற சட்டை உதவாது. தூண்டில் எடுத்துப் போகிற நாளில் ஒரே ஒரு தூண்டில். குளத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று இறங்குமுன் அண்ணாந்து பாருங்கள். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நங்கூரம் வேண்டாம், ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மூங்கில் கம்பை ஊன்றி, இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகக் கட்டிக்கொண்டால் கயாக் நிற்கும்.

விரால் ரப்பர் தவளையை அடித்ததும் உடனே சுண்டாதீர்கள். ஒரு மூச்சு விட்டு, நரம்பு இறுகியதும் இழுங்கள். கம்பைப் பக்கவாட்டில் சாய்க்காமல் கயாக்கின் முனைப் பக்கமே வைத்தால் மீன் கயாக்கைத் திருப்புமே தவிர கவிழ்க்காது. மழைக்காலத்தில் பொரித்த குஞ்சுகள் சில குளங்களில் தை வரைக்கும் சிவப்பாக, கூட்டமாக மேலே வந்து வந்து போகும். அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் அவை எதைக் கண்டாலும் பாயும் என்பதால் பிடிப்பது ரொம்பச் சுலபம். பிடித்துவிட்டால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். சிவப்புக் கூட்டம் தெரிந்தால் தவளையை அந்தப் பக்கம் வீசாமல் கயாக்கைத் திருப்பிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடுங்கள்.