லேஸ் முடிச்சும் முடிவிலியும்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பத்து வயதுப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு "அம்மா, கடைசி எண் எது?" என்று ஆரம்பித்தால் பதினொரு மணி ஆகிவிடும். அதே பெண், ஷூ லேஸில் முடிச்சு சரியாக விழவில்லை என்று அரைமணி நேரம் தரையில் புரண்டு அழுகிறாள். யாரிடமாவது சொன்னால் "உனக்கென்ன, கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். என் வளர்ப்பில் தப்பா? ஐ.க்யூ. பரிசோதனை செய்யலாமா?

- பெயர் வேண்டாம், ஒரு அம்மா

பதில்: தப்பெல்லாம் இல்லை. முடிவிலியைப் பற்றிக் கேட்பவளும் லேஸுக்கு அழுபவளும் ஒரே பிள்ளைதான். பெரியவர்களின் புத்தியும் குழந்தையின் மனசும் ஒரு சின்ன உடம்பில் இருந்தால் சங்கடம்தான் என்று லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் எழுதிவைத்து 80 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூளை மூன்று வருஷம் முன்னால் ஓடுகிறது, விரலும் மனசும் வயதுக்கு ஏற்ற வேகத்தில்தான் வருகின்றன. முடிச்சு எப்படி விழவேண்டும் என்று தெரிகிறது, கை கேட்கவில்லை, அதுதான் அந்த அழுகை. அந்த நேரத்தில் "இவ்வளவு படிக்கிறாய், இதுக்குப் போய் அழுகிறாயே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். (நானும் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளையிடம். அழுகை இரண்டு மடங்கானது.)

இன்னொன்று, "புத்திசாலிப் பொண்ணு" என்ற பாராட்டைக் கொஞ்சம் குறையுங்கள். முல்லர், ட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், ஒருமுறை தோற்றதும் அடுத்த கணக்குகளில் சறுக்கினார்கள். நன்றாக முயற்சி செய்தாய் என்று கேட்ட பிள்ளைகள் விடாமல் மோதினார்கள். எல்லாமே சுலபமாக வந்து பழகியவளுக்குத் தோற்றுப் பழக்கம் இருக்காது. அவளுக்குக் கஷ்டமான ஏதாவது ஒன்று வாரத்தில் கொஞ்ச நேரமாவது இருக்கட்டும், நீச்சலோ வீணையோ, எதுவானாலும் சரி.

பரிசோதனையா? பள்ளிக்கூடத்தில் அலுத்துப்போய் வம்பு செய்கிறாள், வகுப்பு மாற்றிக் கேட்க ஒரு காகிதம் வேண்டும், அல்லது படிப்பில் கெட்டி ஆனால் எழுத உட்கார்ந்தால் வரவே மாட்டேன் என்கிறது என்றால் செய்யுங்கள், உதவும். சும்மா தெரிந்துகொள்ள என்றால் வேண்டாம், அதை ஜாதகம் மாதிரி பிடித்துக்கொள்வோம். 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஐ.க்யூ. பார்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை. பரிசோதித்துவிட்டுக் கழித்துவிட்ட இரண்டு பையன்கள், ஷாக்லி, அல்வாரெஸ், வாங்கினார்கள்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் "கொடுத்து வைத்தவள்" தான். பிள்ளை படிக்கவில்லை என்று புலம்பலாம், பத்துப் பேர் ஆறுதல் சொல்வார்கள். பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்டு என்னைத் தூங்கவிடவில்லை என்றால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். ஜேம்ஸ் வெப் என்ற உளவியலாளர் 1981-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே செங் என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே பெற்றோரை வாரக்கணக்கில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுவார்கள், நிபுணரின் உபதேசத்தைவிட ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்பதுதான் அதில் முக்கியம். உங்களுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். மகளின் வகுப்பாசிரியரிடம் "இதே மாதிரி கேள்வி கேட்கும் பிள்ளை வேறு யாராவது உண்டா?" என்று கேளுங்கள், மேல் வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த அம்மாவும் இதே மாதிரி வாயைத் திறக்காமல்தான் இருப்பார்.

ராத்திரிக் கேள்விகளுக்கு ஒரு நோட்டு வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். ஒரு கேள்விக்கு மட்டும் அன்று பதில், மற்றதெல்லாம் எழுதிவைத்தால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த ஷூ, இந்த வருஷம் வெல்க்ரோ வைத்ததாக வாங்கிவிடுங்கள். லேஸை லீவில் சாவகாசமாகப் பழகட்டும்.