எஞ்சின் கேள்வி-பதில்: ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனால்

கே: ஃபைபர் வள்ளத்தில் 9.9 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருக்கிறோம். கரையில் ஒரே இழுப்பில் எடுக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் திணறித் திணறி நிற்கிறது. சற்று நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. பிளக்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. என்ன கோளாறு?
- வாசகர், குளச்சல்

ப: பிளக்கை விடுங்கள். கையில் கிடைப்பதும் விலை குறைவானதும் அதுதான் என்பதால் எல்லோரும் முதலில் அதையே மாற்றுகிறார்கள். கரண்ட் கோளாறென்றால் எஞ்சின் பெரும்பாலும் பட்டென்று அணையும். திணறி நிற்கிறது என்றால் முதலில் பெட்ரோல் வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை திணறத் தொடங்கும்போதே, ஓஸின் நடுவிலுள்ள ரப்பர் பல்பைப் பிடித்துப் பாருங்கள். பல்பு ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? திறந்திருந்தாலும் உப்பும் செதிலும் துளையை அடைத்திருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் ஏற்பட்டு, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். நீங்கள் சொல்லும் ‘சற்று நேரம் விட்டால் ஓடுகிறது’ இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் சந்தேகமே வேண்டாம். திருகு சரியாக இருந்தால் டேங்குக்குள் இறங்கும் குழாயின் அடியிலுள்ள சல்லடையைக் கழுவுங்கள்.

பல்பு சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்து, நீங்கள் அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பெறுகிறதா? அப்படியானால் ஓஸ் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்பின் டயாப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) தளர்ந்துவிட்டது. ஓடும்போது ஓஸுக்குள் உறிஞ்சல்தான் இருக்கும். அதனால் வெடிப்பு வழியே காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே சொட்டாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பல்பை அம்புக்குறி மேல்நோக்கியிருக்கும்படி பிடித்துக் கல்லாகும்வரை அமுக்குங்கள். இப்போது பல்புக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிகிற இடம் ஈரமாகும். இரு முனை கனெக்டர்களிலும் உள்ள ஓ-ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள், அதிகம் கெடுவது அதுதான். எங்குமே ஈரமில்லை, டேங்க் பக்கத்து ஓஸும் கனெக்டர்களும் நன்றாக இருக்கின்றன என்றால் டயாப்ரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பல்பு கடினமாகவே இருக்கும்போதும் திணறினால், பில்டர் கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான கேனில் மாதக்கணக்கில் வைத்திருந்ததை ஊற்றாதீர்கள்.

கே: அரை மணி நேரம் நன்றாக ஓடி, சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கிறது. ஆறினால்தான் திரும்ப எடுக்கிறது. கடையில் காயிலைச் சோதித்து ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள்.
- வாசகர், கோடியக்கரை

ப: ஆறிய காயிலைச் சோதித்தால் நன்றாகத்தான் இருக்கும்! சூட்டில் விரியும்போது உள்ளே கம்பி விட்டுப்போய், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பொறி இல்லையென்றால் மல்டிமீட்டரில் சார்ஜ் காயிலின் ஓமை அளந்து, ஆறியபின் மீண்டும் அளந்து இரண்டையும் அந்த மாடலின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிளக் வயரை அந்தரத்தில் விட்டு இழுக்க வேண்டாம், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட்டே போய்விடலாம். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும்.

காயிலுக்குச் செலவழிப்பதற்கு முன் ஸ்டாப் சுவிட்சைப் பாருங்கள். இந்த எஞ்சின்கள் ஸ்டாப் வயர் பாடியில் ‘எர்த்’ ஆனதும் அணைபவை. சுவிட்சுக்குள் உப்பு பூத்தாலே தானாக எர்த் ஆகிவிடும். மேல் கவரைத் திறந்து அந்த வயரின் சொருகியை மட்டும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள் (யமஹாவில் அது வெள்ளை வயர்). நிற்காமல் ஓடினால் கோளாறு சுவிட்சில். ஆனால் அப்போது சுவிட்சாலும் கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றாலும் எஞ்சினை அணைக்க முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே இரண்டு பேராகக் கரையோரத்தில் மட்டும் செய்து பார்த்து, உடனே மாட்டிவிடுங்கள்.

கே: ஏரிக்குள் போகும்போது பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்து, எஞ்சின் இழுவை குறைந்து நிற்கிறது.
- வாசகர், பழவேற்காடு

ப: சூடேறிவிட்டது. மறுபடி இழுக்காதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கடல்நீரை மேலே ஊற்றுவதும் கூடாது, தானாக ஆறட்டும். எஞ்சினின் காலைத் தூக்கி, நீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக், பாசி, சேறு இருக்கிறதா என்று பாருங்கள். பீச்சும் துளையில் தங்கூசி நரம்பை விட்டுக் குத்துங்கள். ஆறியபின் எடுத்து, அப்போதும் பீச்சல் வலுவாக வராவிட்டால் கோளாறு இம்பெல்லரில்தான் (குளிர்விக்கும் நீரை மேலேற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரம்). சேறும் மணலும் உள்ள ஆழமற்ற நீரில் அது சீக்கிரம் தேயும், ஆண்டுக்கு ஒன்று மாற்றுவது நல்லது. கழற்றும்போது இறக்கை முறிந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் நீர்வழியில் போய் அடைத்துக்கொண்டு, புது இம்பெல்லர் போட்டும் பயனிருக்காது. தரையில் தண்ணீரில்லாமல் ‘ஒரு நிமிடம்தானே’ என்று ஓட்டிப் பார்ப்பதும் இம்பெல்லரைக் கருக்கும்.

கே: மண்ணெண்ணெய் எஞ்சின். முழு வேகத்தில் பிரச்சினையே இல்லை. கரைக்கு வந்து வேகத்தைக் குறைத்தவுடன் அணைகிறது.
- வாசகர், பேசாலை, மன்னார்

ப: மெதுவாக ஓடும்போது மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அளவுக்கு சூடு இருக்காது, பிளக் நனைந்து கரி பிடிக்கும். வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மீந்த மண்ணெண்ணெய் தீரும்வரை சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். காலையில் எடுப்பதும் சுலபமாகும்.

அப்படியும் அணைந்தால், மெதுவாக ஓடும்போது எரிபொருள் வரும் சிறு துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கலாம். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டரிலுள்ள காற்றுத் திருகைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே முடுக்கி, எத்தனை சுற்று போகிறது என்று எழுதி வையுங்கள். மாட்டும்போது அதே அளவு வெளியே திருப்ப வேண்டும். பெட்ரோலில் கலக்கும் 2T (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 10 லிட்டருக்கு 200 மி.லி. மண்ணெண்ணெய் மாடலுக்கான விகிதத்தை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவில் TC-W3 (தண்ணீரால் குளிரும் படகு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான ஆயில் தரம்) என்று இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் 2T ஆயில் இதற்கு ஆகாது.