‘சரி’ என்ற பதிலை நம்பலாமா? பணியிடத் தகவல்தொடர்பு: வாசகர் கேள்விகள்

பணியிடத்தில் பேசுவது, எழுதுவது, கேட்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். பயிற்சி வகுப்புகளில் அடிபடும் கலைச்சொற்களுக்கும் அந்தந்த இடத்திலேயே விளக்கம் தந்திருக்கிறோம்.

கேள்வி: அனுப்புநர், செய்தி, வழித்தடம், இரைச்சல், பெறுநர், பின்னூட்டம் என்று பயிற்சி வகுப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். இதை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது?

மனப்பாடம் செய்தால் ஒன்றும் ஆகாது. சொல்பவர் அனுப்புநர், கேட்பவர் பெறுநர், பேச்சு, போன், மெயில் போன்றவை வழித்தடம், இடையில் செய்தியைக் கெடுப்பது இரைச்சல், கேட்டவர் தரும் பதில் பின்னூட்டம். ஒரு வேலை கெட்டுப்போன பிறகு, எந்த இடத்தில் கெட்டது என்று தேடுவதற்கு இந்தப் படம் உதவும்.

முதலில் இது மனிதர்களின் பேச்சுக்காக வரைந்த படமே அல்ல. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் கிளாட் ஷானன், தந்தியிலும் தொலைபேசியிலும் சமிக்ஞை சிதையாமல் போய்ச் சேருவது எப்படி என்ற கணக்குக்காக 1948இல் வெளியிட்டது. மறு ஆண்டு வாரன் வீவர் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதற்கு எழுதிய விளக்கத்தோடு அது மற்ற துறைகளுக்கும் பரவியது. அந்த மூலப் படத்தில் அம்புகள் ஒரே திசையில்தான் போகும். பின்னூட்டம் என்ற திரும்பி வரும் அம்பைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். கம்பிக்கு அது இல்லாமல் முடிந்தது, மனிதர்களுக்கு முடியவில்லை.

படத்தில் ‘இரைச்சல்’ என்ற சொல்லைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. இயந்திரச் சத்தம், விட்டுவிட்டுக் கேட்கும் போன் இணைப்பு, படிக்க முடியாத கையெழுத்து எல்லாம் புற இரைச்சல். ஒரே சொல்லை இருவர் வேறுவேறாகப் புரிந்துகொள்வது பொருள் இரைச்சல். ‘ரெண்டு நாளில் கொடுங்கள்’ என்றால் இன்றும் ஒரு நாளா, விடுமுறை கணக்கில் வருமா என்பது சொன்னவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாவது மன இரைச்சல். கோபம், பயம், ‘இவர் எப்போதும் குறைதான் சொல்வார்’ என்ற முன்முடிவு போன்றவை.

மூன்றுக்கும் மருந்து வேறு. புற இரைச்சலுக்கு இடத்தையோ கருவியையோ மாற்ற வேண்டும். பொருள் இரைச்சலுக்குச் சொல்லை மாற்ற வேண்டும். மன இரைச்சலுக்கு நேரத்தை மாற்ற வேண்டும், சில சமயம் சொல்லும் ஆளையே மாற்ற வேண்டியிருக்கும். பொருள் இரைச்சல் இருக்கும் இடத்தில் அதே வாக்கியத்தைக் குரலை உயர்த்தித் திரும்பச் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால் மன இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: சொல்லும்போதெல்லாம் ‘சரி’ என்று தலையாட்டுகிறார்கள். வேலை முடிந்து பார்த்தால் வேறு எதையோ செய்து வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

‘சரி’ என்ற சொல்லுக்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு: காதில் விழுந்தது, புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன். அவர் முதலாவதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் நான்காவதாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத் துறையில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஒரு விமானத்திலிருந்து புறப்பாடு குறித்து வந்த தெளிவில்லாத வாசகத்துக்குக் கட்டுப்பாட்டு அறை ‘ஓகே’ என்று பதில் தொடங்கியது. ‘காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்று அதற்குப் பிறகு சொன்னது, அதே நொடியில் இன்னொரு விமானமும் ரேடியோவில் பேசியதால் சரியாகக் கேட்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, அதற்கு அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அனுமதி கிடைத்த விமானி வெறும் ‘ஓகே’ சொன்னால் போதாது, கிடைத்த அனுமதியைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்த முறைக்குப் பெயர் ‘மூடிய வளையத் தகவல்தொடர்பு’. மருத்துவமனைகளிலும் இதைக் கையாளுகிறார்கள். மூன்று படிகள்: ஒருவர் சொல்கிறார், கேட்டவர் திருப்பிச் சொல்கிறார், முதலாமவர் ‘ஆமாம், அதுதான்’ என்று உறுதி செய்கிறார். மூன்றாவது படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவர் தவறாகத் திருப்பிச் சொல்லி, நீங்கள் வேறு யோசனையில் ‘ம்’ கொட்டினால், அந்தத் தவறுக்கு இப்போது உங்கள் ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

சாதாரண அலுவலகத்தில் ‘எங்கே, திருப்பிச் சொல்லுங்கள்’ என்றால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். பொறுப்பை உங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு கேளுங்கள்: “நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் குறித்துக்கொண்டதை ஒரு தடவை சொல்லுங்கள், ஏதாவது விட்டிருந்தால் சேர்த்துவிடுகிறேன்.” அல்லது, “முதலில் எதைத் தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை மட்டும் தவிருங்கள். அதற்கு ‘இல்லை’ என்று சொல்லும் துணிச்சல் புதியவர்களுக்கு இருக்காது.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வைத்தால் யாரும் வேலை பார்க்க முடியாது. எண், தேதி, பெயர், அளவு, யார் பொறுப்பு ஆகிய ஐந்துக்கும் கட்டாயம் வேண்டும். போனில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். தமிழில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் அவசரத்தில் மாறிப்போகும். ‘அடுத்த வெள்ளி’ என்பதும் ஆபத்தான சொல். சிலருக்கு அது இந்த வாரம், சிலருக்கு அடுத்த வாரம். தேதியையே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் அனுப்பும் மெயில்களுக்குப் பதிலே வருவதில்லை. எல்லோரையும் சிசியில் வைத்துத்தான் அனுப்புகிறேன்.

எல்லோரையும் வைத்ததுதான் முதல் காரணம். ‘டு’ வரிசையில் இருப்பவர் ஏதாவது செய்ய வேண்டியவர். ‘சிசி’யில் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதும். தட்டச்சு காலத்தில் கார்பன் தாள் வைத்து எடுத்த பிரதியின் பெயர் அது, பிரதி வாங்கியவரிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. ‘பிசிசி’யில் இருப்பவரை மற்றவர்களால் பார்க்க முடியாது. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது முகவரிகளை மறைக்க அது நல்ல வழி. சக ஊழியருக்கு அனுப்பும் மெயிலை மேலதிகாரிக்கு ரகசியமாகக் காட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த மேலதிகாரி ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினால் குட்டு உடைந்துவிடும், நம்பிக்கையும் அதோடு போகும்.

‘டு’வில் ஐந்து பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற நான்கு பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஒருவரை வையுங்கள். இருவர் தேவைப்பட்டால், யார் எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இரண்டாவது காரணம், கோரிக்கை கடைசி வரியில் ஒளிந்திருப்பது. நடந்த கதையை முதலிலிருந்து சொல்லி முடிவில் கேட்பதுதான் நமக்கு இயல்பாக வருகிறது. வேலைக்கான மெயிலில் அதைத் தலைகீழாக்க வேண்டும். ராணுவக் கடிதங்களில் ‘முடிவு முதலில்’ என்றே இதற்கு விதி உண்டு. “வணக்கம். கடந்த வாரக் கூட்டத்தில் பேசியபடி, புதிய கணினிகள் குறித்து மூன்று நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் கேட்டிருந்தோம்…” என்று தொடங்குவதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

பொருள்: கணினி கொள்முதல் – ஒப்புதல் தேவை, 14ஆம் தேதி மாலை 4 மணிக்குள்

“இரண்டாவது நிறுவனத்திடம் 12 கணினிகள் வாங்க உங்கள் ஒப்புதல் வேண்டும். அவர்களுடைய விலை 14ஆம் தேதி வரைதான் செல்லும். மூன்று விலைப்பட்டியல்களின் ஒப்பீடு இணைப்பில் உள்ளது.”

படிப்பவர் போனில் பொருள் வரியை மட்டும் பார்த்தாலும் என்ன, எப்போது என்பது தெரிந்துவிடும். ஒரு மெயிலில் ஒரு விஷயம் போதும். மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

கேள்வி: நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொற்கள் வெறும் 7 சதவீதம் என்கிறார்களே?

தவறு. 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சக ஆய்வாளர்களோடு நடத்திய இரண்டு சிறு ஆய்வுகளை இணைத்து எடுத்த எண்கள் இவை: சொல் 7, குரல் 38, முகபாவம் 55. அவற்றில் உரையாடலே கிடையாது. ஒலிப்பதிவு செய்த தனித்தனிச் சொற்களைக் கேட்டும் முகப் படங்களைப் பார்த்தும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்த எண்கள் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ‘இசைவு’ என்ற கருத்தை. சொல்லும் குரலும் முரண்பட்டால் கேட்பவர் குரலை நம்புவார். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே “சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: குழுவில் ஒருவருடைய குறையை அவர் மனம் நோகாமல் சொல்வது எப்படி? பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கச் சொல்கிறார்கள்.

அந்த ‘சாண்ட்விச்’ முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சிலர் பாராட்டை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள், நீங்கள் எப்போது பாராட்டினாலும் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று பயப்படப் பழகிவிடுவார்கள்.

‘நிலைமை, செயல், விளைவு’ என்ற வரிசை நல்லது. படைப்பாக்கத் தலைமைத்துவ மையம் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது இது. “நீங்கள் பொறுப்பே இல்லாமல் நடக்கிறீர்கள்” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு, அதை அவர் மறுக்கத்தான் செய்வார். “திங்கள் காலைக் கூட்டத்தில் (நிலைமை), வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை குறுக்கிட்டீர்கள் (செயல்). அவர் தன் மூன்றாவது புகாரைச் சொல்லாமலே முடித்துக்கொண்டார் (விளைவு)” என்பதை மறுக்க முடியாது. செயல் என்ற இடத்தில், வீடியோவில் பதிவாகக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். ‘அலட்சியம்’ வீடியோவில் பதிவாகாது. சொல்லி முடித்ததும், “அப்போது உங்கள் மனதில் என்ன இருந்தது?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நீங்கள் அறியாத காரணம் பெரும்பாலும் அந்த அமைதியில்தான் வெளியே வரும்.

தனியாக, ஓரிரு நாளுக்குள் சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதக் குறைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டுவது அநியாயம்.

கேள்வி: ‘உற்றுக் கேட்டல்’ என்றால் குறுக்கே பேசாமல் இருப்பதுதானே?

அது பாதிதான். 1957இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் இந்தச் சொல்லைப் பரவலாக்கியபோது, கேட்பவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: சொன்னதன் பொருளையும் அதற்குள் இருக்கும் உணர்வையும் பிடித்து, தான் புரிந்துகொண்டதைச் சரிபார்க்க வேண்டும். “வேலை அதிகம் என்பதைவிட, கடைசி நிமிடத்தில் மாற்றச் சொல்வதுதான் உங்களுக்குச் சிரமம், அப்படித்தானே?” என்று கேட்டுப் பாருங்கள். தவறாக இருந்தால் அவரே திருத்துவார். அவர் சொன்னதற்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இதில் இல்லை. புரிந்துகொள்வது வேறு, உடன்படுவது வேறு.

கேள்வி: ஏற்கெனவே கைநிறைய வேலை. மேலதிகாரி இன்னொன்றைக் கொடுத்தால் எப்படி மறுப்பது?

வாய்மூடி வாங்கிக்கொள்வது பணிந்துபோதல், சீறுவது ஆவேசம். இரண்டுக்கும் நடுவே இருப்பது தன்னுறுதி. தேர்வை அவரிடமே வையுங்கள்: “செய்கிறேன் சார். தணிக்கை அறிக்கை வியாழக்கிழமை தர வேண்டியிருக்கிறது. இதை முதலில் எடுத்தால் அது திங்களுக்குத் தள்ளிப்போகும். எது முன்னால் வேண்டும்?” இதற்கு உங்கள் கையில் உள்ள வேலைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சாக்காகத்தான் கேட்கும்.

கேள்வி: அலுவலகத்தில் வதந்தி பரவுகிறது. நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

மேலிருந்து கீழே தகவல் வராத இடத்தை முறைசாராப் பேச்சு நிரப்பும். தடை போட்டால் அது ரகசியமாக இன்னும் வேகமாக ஓடும். தெரிந்தது என்ன, இன்னும் முடிவாகாதது என்ன, அடுத்த அறிவிப்பு எந்தத் தேதியில் என்ற மூன்றையும் ஒரே குறிப்பில் எழுதி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். சொன்ன தேதியில் புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று அன்றைக்கே ஒரு வரி எழுதுங்கள்.