கனவில் வரும் மூதாட்டியிடம் பேசலாமா?

கேள்வி: ஆறு மாதமாக ஒரே கனவு. பூட்டிய கதவின் முன் முன்பின் தெரியாத மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் நெருங்கினால் விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடி அக்காட்சியை வரவழைத்து அவரோடு பேசலாம் என்கிறார் நண்பர். பேசலாமா? மனம் பேதலித்துவிடாதா?

பதில்: பேசலாம். நண்பர் சொல்லும் முறை நூறாண்டைத் தாண்டியது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டுடன் உறவு முறிந்த 1913ஆம் ஆண்டின் இறுதியில், நாம் அறியாமலே உள்ளே இயங்கும் நனவிலி மனத்தை அறிய இதைத் தம்மிடமே சோதித்தார். விவிலியத்தில் வரும் முதியவர் எலியா, பார்வையற்றவளாகத் தோன்றிய சலோமி, ஒரு கரும்பாம்பு என்று உள்ளிருந்து எழுந்தவர்களைத் தடுக்காமல் எதிர்கொண்டார். பின்னர் ஒரு கனவில் பிலமோன் என்று அவர் அழைத்த முதியவர் வந்தார். எருதின் கொம்புகள், மீன்கொத்தியின் நிறத்தில் சிறகுகள், கையில் நான்கு சாவிகள். அவற்றில் ஒன்றைப் பூட்டைத் திறக்கப் போகிறவர் போலப் பிடித்திருந்தார். உங்கள் கடிதத்தில் பூட்டிய கதவு என்று படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் உலவியபடி யுங் அவரோடு உரையாடினார். எண்ணங்களை நாம் உண்டாக்குவதில்லை, காட்டு விலங்குகளைப் போல அவை தாமாகவே உலவுகின்றன என்பது பிலமோனிடம் அவர் கற்றது. பல ஆண்டுகள் கழித்து, காந்தியின் நண்பரான ஓர் இந்தியர், தம் குரு சங்கராச்சாரியார் என்று யுங்கிடம் சொன்னார். பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அவரா என்று யுங் கேட்க, அவரேதான் என்று பதில் வந்தது. உயிரோடு இல்லாத ஒருவரிடம் கற்பது, பிலமோனால் தமக்கு நேர்ந்ததுபோல, பிறருக்கும் நேர்வதுதான் என்று யுங்குக்குப் பெரிய ஆறுதல்.

பலர் திரைப்படம் பார்ப்பதுபோல உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் பயனில்லை. உள்ளே நீங்கள் நீங்களாகவே போக வேண்டும். பயமாக இருந்தால் பயம் என்று மூதாட்டியிடமே சொல்லுங்கள். அவர் கட்டளையிட்டால் பணியத் தேவையில்லை, வாதாடுங்கள். யுங்கும் வாதாடினார்.

பகலில், தனிமையில், இருபது நிமிடம் போதும். விழிப்பதற்கு முந்தைய கணத்தை மனத்தில் நிறுத்துங்கள். எதையும் நீங்களாக நகர்த்தாதீர்கள். அது தானே அசையும்வரை பொறுங்கள். முடிந்ததும் இருவர் பேச்சையும் தேதியிட்டு எழுதுங்கள். யுங் குறிப்பேடுகளில் எழுதியவற்றை அழகிய கையெழுத்தும் ஓவியங்களுமாகச் செந்தோல் அட்டைப் பெருநூலில் வடித்தார். அது 2009இல்தான் அச்சேறியது. எழுதிய பிறகு முகம் கழுவி, வீட்டாரோடு பேசி, அன்றாட வேலைக்குத் திரும்புங்கள். தம்மை நிலத்தில் ஊன்றி வைத்தவை குடும்பமும் நோயாளிகளும்தான் என்று யுங்கே பின்னர் சொன்னார்.

கனவுப் பலன் புத்தகங்களை மூடி வையுங்கள். இறந்த பாட்டியா, குலதெய்வமா என்று இப்போதே முடிவு கட்டினால் அவர் சொல்லவந்தது காதில் விழாது.

உங்கள் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. விழித்திருக்கும்போதே குரல்கள் கேட்பவர்கள், மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ வந்தவர்கள், பல இரவுகள் தூங்காதவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தனியே தொடவே கூடாது. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அழைக்காமலேயே மூதாட்டி பகலில் தோன்றினாலும், தூக்கம் கெட்டாலும் அன்றே நிறுத்துங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

இவை எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் தொடங்குங்கள். முதல் நாளே கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.