வாசகர் கேள்வி – பதில்: சக்கர் ராடு ஏன் அடிக்கடி ஒடிகிறது?

கேள்வி: எங்கள் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயும் தண்ணீருமாக நாளுக்கு 30 பீப்பாய் வருகிறது. பம்ப்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரின் விட்டம் 1¼ அங்குலம், ஸ்ட்ரோக் (ஒருமுறை ஏறும் நீளம்) 36 அங்குலம், நிமிடத்துக்கு 12 ஸ்ட்ரோக். மேலே ஆடும் யூனிட்டையும் கிணற்றடிப் பம்ப்பையும் இணைக்கும் சக்கர் ராடு ஒடிந்துகொண்டே இருக்கிறது. இன்னும் கனமான ராடு போடலாமா?
– வாசகர், யேனாங்யவுங், மியான்மர்

பதில்: ராடை விடுங்கள், முதலில் வேகத்தைக் கணக்குப் பாருங்கள். பிளஞ்சர் விட்டத்தின் வர்க்கம், ஸ்ட்ரோக் நீளம் (இரண்டும் அங்குலத்தில்), நிமிட ஸ்ட்ரோக், இவற்றோடு 0.1166 – எல்லாவற்றையும் பெருக்கினால் பம்ப் ஒரு நாளில் இறைக்கக்கூடிய பீப்பாய் வரும். உங்களுக்கு அது 79. கிணறு தருவதோ 30. ஊற்று ஊறும் அளவுக்குத்தானே ஏற்றம் இறைக்க முடியும்?

பாதிகூட நிரம்பாத பம்ப்புக்குள் பிளஞ்சர் இறங்கும்போது முதலில் வாயுவில் தடையின்றி வருகிறது, பிறகு திரவத்தில் மோதுகிறது. ராடு தாங்கிய சுமை அந்த நொடியில் டியூபிங்குக்கு (எண்ணெய் மேலேறும் உள்குழாய்) மாறுகிறது. அடி ராடுகள் வளைந்து டியூபிங்கில் உரசுகின்றன. நிமிடத்துக்கு 12 முறை இப்படி நடந்தால் எந்த ராடும் தாங்காது. கனமான ராடு போட்டால் யூனிட்டுக்குச் சுமை கூடுமே தவிர மோதல் நிற்காது.

6 ஸ்ட்ரோக்காகக் குறையுங்கள். கணக்கு 39 பீப்பாய்க்கு வரும், பம்ப் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பும். மோட்டார் புல்லியின் விட்டத்தைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகும். ஆனால் புல்லி மிகச் சிறிதானால் பெல்ட் வழுக்கும், சீக்கிரம் தேயும். அப்போது டைமர் வையுங்கள்: 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு. பகல் முழுக்க ஓட்டி இரவு முழுக்க நிறுத்துவது நல்லதல்ல. திரவமட்டம் ஏறஏற கிணற்றுக்குள் வரத்து குறையும். மணல் வரும் கிணற்றுக்கு டைமரே வேண்டாம். நிறுத்தினால் மணல் இறங்கி பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும்.

யேனாங்யவுங், 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனிக்கும் முன்பிருந்தே எண்ணெய் எடுக்கப்படும் வயல். அழுத்தம் வற்றிய இத்தகைய வயல்களில் நிதானமாக ஓட்டுவதே லாபம்.

ஒடிந்த இடத்தையும் பாருங்கள். மரையில் ஒடிந்தால் முடுக்கியது சரியில்லை. மரையைத் துடைத்து, எண்ணெயிட்டு முடுக்க வேண்டும். உடலில் ஒடிந்தால் அரிப்புக் குழியோ சுத்தியல் தழும்போ இருக்கும். ராடுகளை இணைக்கும் கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுபவரை ராடு பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் நின்றுவிட்டால் ராடை இறக்கிப் பம்ப்பின் அடியில் தட்டுகிறோம், மறுபடி வருகிறது. தட்டலாமா?
– வாசகர், சவுக்

பதில்: கூடாது. பம்ப்புக்குள் அடைபட்ட வாயு சுருங்கி விரிகிறதே தவிர மேல் வால்வைத் திறக்கும் அளவு அழுத்தம் எழவில்லை. தட்டும் அதிர்ச்சியில் வால்வு திறந்துகொள்ளும். கூடவே ராடும் வால்வுக் கூண்டும் அடிபடும். கேசிங்கில் (கிணற்றின் வெளிக்குழாய்) சேரும் வாயு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பம்ப்பின் வாயை, எண்ணெய் உள்ளே வரும் கேசிங் துளைகளுக்குக் கீழே இறக்க முடிந்தால் வாயு மேலே பிரிந்துவிடும். முடியாவிட்டால் வாயுவைப் பிரித்துவிடும் கேஸ் ஆங்க்கர் போடுங்கள். பிளஞ்சர் கீழ் வால்வைத் தொடாமல், ஆனால் மிக அருகே வந்து திரும்பும்படி இடைவெளியைச் சரிசெய்வதும் உதவும்.

கேள்வி: ராடின் சுமையைச் சமன்செய்யும் கவுண்டர்வெயிட் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், யாங்கோன்

பதில்: கிளாம்ப் மீட்டரால் மோட்டாரின் உச்ச ஆம்பியரைப் பாருங்கள். ராடு ஏறும்போது அதிகமானால் எடையைக் கிராங்க்கின் (யூனிட்டின் சுழலும் கை) நுனிப்பக்கம் தள்ளுங்கள். இறங்கும்போது அதிகமானால் உள்பக்கம். இரண்டும் ஏறக்குறைய சமமாகும்வரை. எடையைத் தொடுமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள், பிரேக் போடுங்கள், கிராங்க்கைச் சங்கிலியாலும் கட்டுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் உயிர் போகும்.

கேள்வி: கிணற்று வாயில் ராடைச் சுற்றி ஒழுக்கைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் ஒழுகினால் எவ்வளவு இறுக்கலாம்?
– வாசகர், சவுக்

பதில்: ஒழுக்கு நிற்கும் அளவுக்கு மட்டும். நிறுத்திவிட்டுத் தொட்டால் பாலிஷ் ராடு (அதன் வழியே ஏறி இறங்கும் மேல் ராடு) கை சுடும் அளவுக்கு இருந்தால் இறுக்கம் அதிகம். அடிக்கடி ஒழுகினால் ராடு கிணற்று வாயின் நடுவில் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள்; சாய்ந்திருந்தால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் தேயும்.