2 ஏக்கரும் கிணறும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மாடும் நாட்டுக்கோழியும் வளர்த்தால் மாதம் 30,000 ரூபாய் நிற்குமா?

இதுதான் உங்கள் கேள்வி. எங்களுக்கு நிற்கவில்லை. நல்ல மாதத்தில் 10,000, 11,000 நிற்கும். ஒரு மாடு வற்றி நிற்கும் மாதத்தில் 5,000 நின்றாலே சந்தோஷம். நீங்கள் நான்கு கறவை மாடும் நூறு கோழியும் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் இரண்டு ஜெர்சி கலப்பு, ஒரு காங்கேயம் பசு, ஒரு சினைக் கிடேரி, முப்பது கோழி. இடம் தாராபுரம் பக்கம், வானம் பார்த்த பூமி. நானும் உங்களைப் போல ஒன்பது வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன்தான்.

முதலில் பால் கணக்கு. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆனால் கொழுப்பும் மற்ற திடச்சத்தும் பார்த்துத்தான் பணம், அதனால் என் கைக்குச் சராசரியாக 36 வருகிறது என்று வையுங்கள். ஒரு மாடு 8 லிட்டர் கறக்கிறது. வீட்டுக்கு ஒரு லிட்டர் போக 7 லிட்டர் ஊற்றினால் 252 ரூபாய். கலப்புத் தீவனத்தில், மாட்டின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது கணக்கு. ஆக நாலே முக்கால் கிலோ. நான் வாங்கும் விலைக்கு அதுவே 130 ரூபாயைத் தாண்டும். பசும்புல்லும் சோளத்தட்டும் சொந்தக் காட்டில் விளைந்தால் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய் மிச்சம். தட்டையும் விலைக்கு வாங்குகிறவர் என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்த 120-ம் மாடு கறக்கிற நாளில்தான். நான் ஏமாந்தது இங்கேதான். மாடு வாங்கப் போகிற எல்லோரும் எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம். எத்தனை நாள் கறக்காமல் நின்று தின்னும் என்று யாரும் கேட்பதில்லை.

2018-இல் சந்தையில் 42,000 ரூபாய்க்கு இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது கன்று போட்ட மாடு ஒன்று பிடித்தேன். 10 லிட்டர் என்றார் தரகர். வீட்டுக்கு வந்ததும் 7. அதற்கு அழவில்லை. காலைப் பாலைக் கறக்காமல் மடியை நிறையவிட்டுச் சந்தைக்கு ஓட்டி வருவது பழைய வேலை. அடுத்தடுத்து மூன்று நேரக் கறவையை நின்று பார்க்காமல் பணம் கொடுத்தது என் தப்பு. விஷயம் அதற்கு அப்புறம் நடந்தது. கன்று போட்ட மாட்டுக்கு இரண்டு, மூன்று மாதத்தில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுவிட வேண்டும். என் மாடு சினை பிடிக்கும் பருவத்துக்கே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் போனது, ஏழு போனது, பால் இரண்டு லிட்டருக்கு இறங்கியது. கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எந்தத் தேதியில பருவத்துக்கு வந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. "கத்தவே இல்லீங்க" என்றேன். "எல்லா மாடும் கத்தாதுங்க. ஊமைப் பருவம்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

சினைப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. அதைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். என் மாட்டுக்குத் தட்டையும் தவிட்டையும் தவிர வேறு எதுவும் கொடுக்காததால் உடம்பில் தாது உப்பு இல்லை, பருவத்தின் அடையாளமும் வெளியே தெரியவில்லை. குடற்புழு மருந்து கொடுத்து, தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் சேர்க்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரு விடிகாலை, கட்டுத்தறியில் சாணி அள்ளப் போன என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். வால் ஓரமும் தரையும் கண்ணாடிபோலச் சளி ஒழுகிக் கிடந்தது, அதுதான் பருவத்தின் அடையாளம். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. அன்று சாயங்காலம் போட்ட ஊசியிலேயே சினை பிடித்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டதே! மாடு சினை சுமப்பது 280 நாள். ஆக ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவே 19 மாதம். 13 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய சுற்று. மிச்சம் ஆறு மாதமும் பாதி வயிற்றுக்குத் தீவனம் வைத்தாலும் நாளைக்கு 80, 90 ரூபாய் போனது. எழுதிக் கூட்டிப் பார்த்தபோது அந்த மாடு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது சாணி மட்டும்தான்.

இப்போது கட்டுத்தறித் தூணில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பருவம் கண்ட நாளுக்கு வட்டம், ஊசி போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. சினை பிடிக்காவிட்டால் பருவம் திரும்ப வரும் என்பதால், ஊசி போட்ட 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை விடியும் முன்பும் படுக்கப் போகும் முன்பும் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். என் தொழிலில் பெரிய முதலீடு அந்தக் காலண்டர்தான், மளிகைக் கடையில் சும்மா கொடுத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஆறு லட்சத்துக்குக் கொட்டகை போட்டார். ரப்பர் பாய், மின்விசிறி எல்லாம் உண்டு. மாடுகளைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைத்தார். கூலி ஆள் நடுராத்திரி எழுந்து வால் ஓரம் பார்ப்பாரா? இரண்டே வருடத்தில் விற்றுவிட்டார்.

காங்கேயம் பசு எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு, மூன்று லிட்டருக்கு மேல் தராது, உண்மைதான். ஆனால் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துவிட்டு வெள்வேல மரத்தடியில் படுத்துக்கொள்ளும். தீவனச் செலவு என்று தனியாக எதுவும் இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கன்றைக் கொண்டுபோனால் விலைக்குக் கேட்க ஆள் இருக்கிறது.

சரி, கோழிக்கு வருவோம். அது அம்மாவின் இலாகா. கோழியிலும் நான் முட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா எண்ணுவது குஞ்சை. நாட்டுக்கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். கூடையில் மணல் பரப்பி பதினோரு முட்டை வைப்பார் அம்மா, இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும். (எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்துப் போடும் தைரியமும் இல்லை.) ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கரு பிடிக்காத கூமுட்டையைக் கழித்துவிடுவோம். 21-ஆம் நாள் எட்டு, ஒன்பது குஞ்சு பொரியும். அதற்கப்புறம்தான் பாடு. பருந்து ஒன்று, காக்கை ஒன்று, கீரி இரண்டு என்று போய், வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் மொத்தமும் போகும். ஒரு வெயில் காலத்தில் நான்கு நாளில் இருபத்திரண்டு கோழி புதைத்தேன். கழுத்தைத் திருகிக்கொண்டு பச்சையாகக் கழிந்து சாகும்போது எந்த மருந்தும் கேட்காது. முன்னாலேயே தடுப்பு மருந்து கொடுப்பது ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பெரும்பாலும் பிப்ரவரியில் அரசு இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறார்கள். சொட்டு மருந்தைத் தனியாக வாங்கினால் ஒரு குப்பியே நூறு கோழிக்கு வரும், கலக்கியபின் வைத்திருக்க முடியாது. அதனால் அக்கம்பக்கத்து நான்கு வீடு சேர்ந்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, ஒரே காலையில் முடித்துவிடுகிறோம்.

மாடும் கோழியும் ஒன்றாக இருப்பதில் லாபம் உண்டு. கோழி கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து மாட்டு உண்ணியைக் கொத்தும், எருக்குழியைக் கிளறிப் புழுவைத் தின்னும், சிந்திய தவிட்டைப் பொறுக்கும். தீவனச் செலவு பாதி மிச்சம். ராத்திரி மட்டும் மாட்டுத் தொட்டிக்கு மேலே அடைய விடாதீர்கள், எச்சம் விழுந்த தீவனத்தை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இதெல்லாம் முப்பது, நாற்பது கோழி வரைக்கும்தான். நூறு ஆனால் அத்தனைக்கும் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும், அது வேறு தொழில்.

வேலையை இப்போது விடாதீர்கள். வீட்டில் விடிகாலை எழுந்து பார்க்க ஒருவர் இருந்தால் ஒரே ஒரு மாடு வாங்கி, அது ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்று போடும்வரை ஒரு சுற்று எழுதிப் பாருங்கள். சித்திரையில் வாங்காதீர்கள், ஐப்பசி மழைக்கு அப்புறம் வாங்குங்கள், புல் இருக்கும். இளஞ்சோளப் பயிரில் மட்டும் மாட்டை விட்டுவிடாதீர்கள். அதுவும் மழையில்லாமல் வாடி நிற்கிற பயிர் என்றால் விஷம், டாக்டர் வருவதற்குள் மாடு போய்விடும். கோழிக்கு ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் போதும், அதை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன 11,000-இல் கோழிப் பணம் நான் குத்துமதிப்பாகப் போட்டதுதான். போன மாதம் எவ்வளவு வந்தது என்று எங்கள் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கெதுக்குச் சாமி அந்தக் கணக்கு" என்று சிறுவாட்டுப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.